பிடித்துக்கொண்ட டிராக்டர் பிரேக்

மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் நின்ற எங்கள் பழைய டிராக்டரின் வலது பின்சக்கரம் உழவு தொடங்கும் நேரத்தில் அசைய மறுத்தது. இத்தகைய பழுதில் சுத்தியலை எடுப்பதற்கு முன், முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, பிரேக் ஆயிலை வெளியேற்றும் சிறு திருகான பிளீடர் நிப்பிளைச் சற்றே தளர்த்திப் பார்ப்பதே முறை. ஆயில் பீய்ச்சியடித்துச் சக்கரம் உடனே சுழன்றால், அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது என்று பொருள். பிரேக் மிதியின் விசையைக் கடத்தும் புஷ் ராடுக்கும் அது தள்ளும் பிஸ்டனுக்கும் இடையே இடைவெளி இல்லாமையோ, மிதியை அழுத்தும்போது ஆயிலைச் சக்கரத்துக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் நுண்துளை அடைபட்டதோ, ஆயில் செல்லும் ரப்பர் குழாயான ஹோஸின் உட்புறம் உப்பியதோ அதற்குக் காரணமாகலாம்.

எங்கள் சக்கரம் அப்போதும் அசையவில்லை. பெரும்பாடுபட்டு சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்மைக் கழற்றியபோது, ஆயில் அழுத்தத்தால் பிரேக் கட்டைகளைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் காப்பி நிறச் சேறும், பிஸ்டனைச் சுற்றித் துருவும் இருந்தன. டாட் 3 (DOT 3) என்ற வகை பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. நெடுநாள் மாற்றாமல் விட்டால் அந்த ஈரமே இரும்பை அரிக்கிறது. உட்சுவரில் குழி விழுந்திருந்ததால், ரப்பரை மட்டும் மாற்றாமல் சிலிண்டரையே மாற்றினோம்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்வேன்: சில டிராக்டர்களின் பிரேக்குக்கு பெட்ரோலிய எண்ணெயான மினரல் ஆயிலே உரியது, அதை டாட் ஆயிலுக்கான ரப்பர் உள்ள பிரேக்கில் ஊற்றினால் ரப்பர் உப்பிச் சக்கரம் மீண்டும் இறுகிவிடும், ஆகவே கையேட்டைப் பார்த்த பிறகே ஆயில் டப்பாவைத் திறக்க வேண்டும்.