நீர்வளம், கடல்வளம் படிக்கக் கல்லூரி தேடுகிறீர்களா?

விளம்பரத் தாளில் கப்பல் படம் எல்லோரும்தான் போடுகிறார்கள். முழுப் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். நீரியல், கடலியல், ஜி.ஐ.எஸ். (புவியியல் தகவல் முறைமை), சட்டம் எல்லாம் இருக்கும். புள்ளியியல்தான் பல இடங்களில் விருப்பப் பாடமாக ஒதுங்கியிருக்கும். அது இல்லாமல் மீன்வள மதிப்பீடும் நடக்காது, வெள்ளக் கணிப்பும் நடக்காது. சட்டப் பாடத்தில் 1982 ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையும் கரையோர நாட்டுக்கே வள உரிமை தரும் 200 கடல் மைல் பொருளாதார மண்டலமும் கட்டாயம் வேண்டும்.

அடுத்து ஆய்வகம். நேரில் போய், "சி.டி.டி. கருவியைக் கடைசியாக எப்போது அளவுதிருத்தம் செய்தீர்கள்?" என்று கேளுங்கள். மின்கடத்துதிறன், வெப்பநிலை, ஆழம் அளக்கும் கருவி அது. உணரியில் பாசி படிந்தாலே உப்புத்தன்மை குறைவாகக் காட்டும். தேதி சொல்லத் தடுமாறினால் கருவி அலமாரியில் தூங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறையையும் கேளுங்கள்: அந்த ஆக்சிஜன் அளவு மாறிவிடாமலிருக்க, மாதிரி எடுத்த இடத்திலேயே மாங்கனீசு உப்பும் காரம் கலந்த அயோடைடும் சேர்த்தாக வேண்டும். புட்டியை அப்படியே ஆய்வகத்துக்குத் தூக்கிவரும் இடத்தில் களப்பயிற்சி பெயருக்குத்தான்.

படகுச் செலவு கட்டணத்தில் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நன்னீர்ப் பக்கம் போக நினைப்பவருக்குக் கடலோரக் கல்லூரியைவிட ஆற்றுப்படுகையை ஒட்டிய கல்லூரியே மேல்.