கோடை லீவுக்குப் பள்ளிக்கூடம் பூட்டுவதற்குள் டீச்சரிடம் அந்தப் படிவத்தை வாங்கிவிடுங்கள்

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும், "61 நாள் கரையிலதான இருப்பேன், அதுக்குள்ள பயலை ஆஸ்பத்திரியில காட்டிருவோம்" என்றார் என் வீட்டுக்காரர். அங்கேதான் கணக்குத் தப்பியது.

மகனுக்கு 8 வயது. ஓரிடத்தில் உட்கார மாட்டான். விளையாட்டில் தன் முறை வரும்வரை பொறுக்க மாட்டான், தள்ளிவிடுவான். தெருப் பிள்ளைகள் சேர்ப்பதே இல்லை.

மே மாதம் தங்கச்சிமடத்தில் பஸ் ஏறி, பாம்பன் பாலம் தாண்டி ராம்நாடு போனோம். சீட்டுப் போடவே இரண்டு மணி நேரம். உள்ளே போனதும் சைக்காலஜிஸ்ட் ஒரு படிவத்தை நீட்டினார். வகுப்பு டீச்சர் நிரப்பித் தர வேண்டுமாம். பள்ளிக்கூடமோ லீவு! ஏடிஎச்டி, அதாவது கவனம் நிற்காத, அளவுக்கு மீறித் துறுதுறுக்கும் குறைபாடு என்று முடிவு செய்ய வீட்டில் மட்டும் சேட்டை இருந்தால் போதாது. பள்ளி போல இன்னோர் இடத்திலும் இருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் மார்ச்சிலேயே வாங்கியிருப்பேன்.

ஜூனில் புது டீச்சர், "பிள்ளையைப் பார்த்தே மூணு நாள்தானம்மா ஆகுது" என்றார். நியாயம்தான். மூன்றாம் வகுப்பு டீச்சர், "சேட்டைக்கு எதுக்கும்மா ஆஸ்பத்திரி? ரெண்டு போட்டா அடங்கிருவான்" என்று தாளைத் தொடவே இல்லை. வீட்டுக்காரருக்குக் கடலுக்குப் போகும் நாள் வந்துவிட்டது, நான் தனியாக வாசலில் நின்று அழுதேன்.

மறுநாள் அவனுடைய பழைய நோட்டுகளை அள்ளிக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனேன். பக்கத்துக்குப் பக்கம் பாதி வரியில் நின்ற எழுத்து, கீழே சிவப்பு மையில் 'முடிக்கவில்லை'. எல்லாம் அந்த டீச்சர் கையெழுத்து. தலைமையாசிரியை எதுவும் பேசாமல் அந்த டீச்சரைக் கூப்பிட்டு, தன் முன்னாலேயே நிரப்ப வைத்தார்.

காது, கண் பரிசோதனை ஒரே நாளில் முடிந்தது.

இன்னொன்று. ஒரு கிளார்க் மாற்றுத்திறனாளி அட்டைக்கு எழுதித் தரச் சொன்னதால் போட்டோ, ஜெராக்ஸ் என்று செலவழித்தேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 குறைபாட்டு வகைகளில் ஏடிஎச்டி தனியாக இல்லை, கற்றல் குறைபாடு இருக்கிறது. பிள்ளைக்கு வாசிப்பிலும் சிக்கல் இருந்தால் அதைத் தனியாகச் சோதிக்கக் கேளுங்கள்.

ஏடிஎச்டிக்கு மருந்தும் உண்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். எங்களுக்கு முதலில் பயிற்சி. ஒரு நேரத்தில் ஒரே வேலைதான் சொல்ல வேண்டும். சொன்னதை அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். பத்து நிமிடம் எழுத்து, பிறகு ஒரு ஓட்டம். செய்து முடித்த அந்த நொடியே பாராட்டு. ராத்திரி சொன்னால் அவனுக்கு எட்டாது. முறை வைத்து ஆடும் விளையாட்டு வேண்டும் என்றதும் மாமியாரின் பல்லாங்குழியை இறக்கினேன். முதல் வாரம் என் முறையிலும் சோழியை அள்ளினான். பிறகு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, என் விரல் கடைசிக் குழியில் நிற்கும்வரை உதட்டைக் கடித்துக் காத்திருந்தான்.

போன ஞாயிறு பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசலில் நின்று கேட்டது: "அத்தை, அவனை விளையாட அனுப்புறீங்களா?"