சனி எந்தக் கட்டத்தில் இருந்தார்? சோதிட முதுகலைப் படிப்பில் இரண்டு ஆண்டுகள்

சோழவந்தானில் எங்கள் வீட்டுப் பரணில், என் தாத்தாவின் சோழிப் பையும் பதினொரு கணக்கு நோட்டுகளும் இன்னும் இருக்கின்றன. அவர் சுற்று வட்டாரத்தில் சாதகம் கணித்துக் கொடுத்தவர். சந்திரனின் நிலையைச் சொல்லும் 248 வாக்கியங்களும் அவருக்கு மனப்பாடம். விடியற்காலையில் திண்ணையில் உட்கார்ந்து ‘கீர்ந ஸ்ரேய’ என்று அவர் தொடங்குவது என் சிறுவயதுக் காதில் சுலோகமாகவே விழுந்தது. எழுத்துகளை எண்களாக மாற்றிப் பின்னிருந்து படித்தால் அந்த முதல் வாக்கியம் 12 பாகை 3 கலை (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கலை) என்றாகும், அது சந்திரன் முதல் நாளில் நடக்கும் தூரம் என்பதை, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, கணித ஆசிரியராக ஆன பிறகுதான் நான் புரிந்துகொண்டேன். அந்த நோட்டுகளை முறையாகப் படிக்க வேண்டும் என்ற எண்ணமே, 2022ஆம் ஆண்டு நடுவில், ஐம்பது வயதைக் கடந்த நிலையில், தொலைநிலைக் கல்வி வழியாக நடத்தப்படும் சோதிட முதுகலைப் படிப்பில் என்னைச் சேர வைத்தது. இதே எண்ணத்தோடு சேர நினைப்பவர்களுக்கு என் அனுபவம் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

சேர்க்கையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏதேனும் ஓர் இளங்கலைப் பட்டம் போதும். ஒரே மாற்றுச் சான்றிதழை மூன்று முறை கேட்டார்கள், மூன்று முறையும் சான்றொப்பம் வாங்கிக் கொடுத்தேன். மதுரையில் இருந்த கல்வி மையத்தில் சனி, ஞாயிறுகளில் நேர்முக வகுப்புகள் நடந்தன. பருவத்துக்கு ஐந்து தாள்கள், தாளுக்கு இரண்டு ஒப்படைப்புகள்.

எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில்தான் உண்மையான எதிர்ப்பு இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2001இல் சோதிடத்தைப் பட்டப்படிப்பாக அறிவித்தபோது நாட்டின் அறிவியலாளர்கள் பலர் எதிர்த்ததையும், உயிரியல் அறிஞர் பி.எம். பார்கவா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 மே மாதம் தலையிட மறுத்ததையும் இயற்பியல் ஆசிரியர் எனக்கு நினைவூட்டினார். அந்தத் தீர்ப்பு சோதிடம் உண்மை என்று சொல்லவில்லை, பாடத்திட்டத்தை முடிவு செய்வது கல்வி வல்லுநர்களின் வேலை என்றுதான் சொல்லியது என்பதை நான் அப்போதே ஒப்புக்கொண்டேன். பல்கலைக்கழகத்துக்குள் வந்துவிட்ட ஒரு பாடம், அங்குள்ள மற்றப் பாடங்களைப் போலச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்பதே என் நிலை. படித்து முடித்த இன்றும் அதில் மாற்றம் இல்லை.

முதல் பருவத்தின் கணிதத் தாள் எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. வகுப்பில் நாற்பது பேர் இருந்தோம். பாதிப் பேர் ஏற்கெனவே தொழில் செய்பவர்கள், ஆனால் அவர்களில் பெரும்பாலோர் கணினியில் பிறந்த நேரத்தைத் தட்டிக் கட்டத்தை அச்செடுத்துப் பழகியவர்கள். ஆசிரியர் கரும்பலகையில் எழுதிய முதல் கணக்கு மதுரைக்கான உள்ளூர் நேரத் திருத்தம். இந்தியப் பொது நேரம் 82 பாகை 30 கலை கிழக்குத் தீர்க்க ரேகைக்கு உரியது. மதுரை 78 பாகை 7 கலையில் இருக்கிறது. இடையில் உள்ள 4 பாகை 23 கலையைப் பாகைக்கு 4 நிமிடம் வீதம் பெருக்கினால் 17 நிமிடம் 32 விநாடி. கடிகாரம் பன்னிரண்டு என்று காட்டும்போது மதுரையின் உள்ளூர் நேரம் பன்னிரண்டு ஆவதற்கு இன்னும் பதினேழரை நிமிடம் இருக்கிறது. கீழ்வானில் உதிக்கும் ராசிப் புள்ளியான இலக்னம் சராசரியாக 4 நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்வதால், ராசியின் ஒன்பதில் ஒரு பங்கான நவாம்சப் பகுதியை, அதாவது 3 பாகை 20 கலையைக் கடக்க அதற்குப் பதின்மூன்று நிமிடமே போதும். எனவே இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டால் நவாம்ச இலக்னமே மாறிப்போகும். இதைக் கேட்டதும், உசிலம்பட்டிப் பக்கம் இருபது ஆண்டுகளாகத் தொழில் செய்துவரும் நண்பர் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலையே என்னோடு மாட்டுத்தாவணி வரை நடந்து வந்து, தாம் முன்பு கையால் கணித்துக் கொடுத்த சாதகங்களில் இந்தத் திருத்தம் இருந்ததா என்று சரிபார்க்க உதவி கேட்டார். படிப்பு முழுவதும் எனக்கு உற்ற துணையாக இருந்தவர் அவர்தான்.

இப்படிப்பட்ட தாள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது என்பது என் முதல் வருத்தம். பருவங்களை வைத்து அளக்கும் ராசிச் சக்கரத்துக்கும் நட்சத்திரங்களை வைத்து அளக்கும் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியான அயனாம்சம் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 விகலை (ஒரு கலையின் அறுபதில் ஒரு பங்கு விகலை) வளர்வது ஏன், வானியற்பியல் அறிஞர் மேகநாத சாகா தலைமையில் 1952இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு எதைத் திருத்தியது ஆகியவை ஒரே பிற்பகலில் முடிந்துவிட்டன. மீதி மூன்று பருவங்களும் பலன்களுக்கே போயின.

இரண்டாம் பருவம் 2023இல் நடந்தது. அந்த ஆண்டு ஏன் முக்கியம் என்பதைப் பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் அறிவார்கள். வானில் காணும் நிலையோடு ஒத்துப்போகும்படி திருத்திய கணக்கான திருக்கணிதப்படி சனி அந்த ஆண்டு சனவரி 17 அன்று கும்பத்துக்கு வந்துவிட்டார். என் தாத்தா மனப்பாடம் செய்தது போன்ற பழைய வாக்கியங்களைக் கொண்டு கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தின்படி டிசம்பர் 20 அன்றுதான் வந்தார், திருநள்ளாற்றில் பெயர்ச்சி விழாவும் அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட பதினொரு மாதங்களில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு சாதகங்கள் உண்டு. ஒன்றில் சனி மகரத்தில் இருப்பார், மற்றொன்றில் கும்பத்தில் இருப்பார். எங்கள் வகுப்பிலேயே ஒருவருக்கு ஆவணியில் பேத்தி பிறந்தாள். அந்தக் குழந்தையின் கட்டத்தைப் பலகையில் போடச் சொன்னபோது வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. ஆசிரியர் இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தேர்வில் எந்தப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறீர்கள் என்று குறிப்பிட்டு எழுதினால் இரண்டுக்கும் முழு மதிப்பெண் உண்டு என்றார். அவர் நல்லாசிரியர், பல்கலைக்கழகத்தின் விதியைத்தான் சொன்னார். ஆயினும், கணித ஆசிரியனான எனக்கு அந்த விதி அன்று இரவு தூக்கத்தைக் கெடுத்தது. சனி கண்ணுக்குத் தெரியும் கோள். அது எங்கே இருக்கிறது என்பதற்கு இரண்டு விடைகள் இருக்க முடியாது.

ஆவணிக் கடைசி வாரத்தில், அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், உசிலம்பட்டி நண்பரும் பேத்தி பிறந்தவரும் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு வந்தார்கள். மகர ராசி முடிந்து கும்பம் தொடங்கும் எல்லையில், சித்திரை நட்சத்திரத்தை 180 பாகையாகக் கொள்ளும் அயனாம்சத்தின்படி, ஏறத்தாழ அந்த எல்லைக்கோட்டிலேயே ஒரு நட்சத்திரம் இருக்கிறது. டெனப் அல்கெடி என்ற அதன் அரபுப் பெயருக்கு ஆட்டின் வால் என்று பொருள். வாக்கியப்படி சனி இன்னும் மகரத்துக்குள் இருந்தால், அந்த நட்சத்திரத்தை ஒட்டியோ அதற்கு மேற்கிலோ தெரிய வேண்டும். தென்கிழக்கு வானில் மேகம் விலகியபோது, நட்சத்திரத்துக்குக் கிழக்கே, கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அந்த முட்டியின் அகலத்துக்குச் சற்றுக் குறைவான தொலைவில் சனி நின்றது. ஏறத்தாழ எட்டுப் பாகை. பதினாறு முழு நிலவுகளை வரிசையாக அடுக்கினால் வரும் இடைவெளி அது. மூவரும் மாறி மாறிக் கையை நீட்டிப் பார்த்தோம். நண்பர் பாயில் உட்கார்ந்துகொண்டு, “வாத்தியாரே, இருபது வருசமா சனியைப் பத்திப் பேசியிருக்கேன், இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்றார்.

வாக்கிய முறையைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. என் தாத்தாவின் முறை அது. 1825இல் சோழிகளையும் மனப்பாடத்தையும் மட்டுமே கொண்டு ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் சந்திர கிரகணத்தைக் கணித்ததை, இந்தியக் காலக்கணிப்பை ஆராய்ந்த ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் மட்டுமே பிழை. ஏட்டையோ தாளையோ தொடாமல் இதைச் செய்தவரை நான் வணங்குகிறேன். அதே மரபில்தான், கேரளத்தில் சங்கமகிராமத்து மாதவன் சந்திர வாக்கியங்களை விகலை அளவுக்குத் திருத்தினார். பரமேசுவரன் பல்லாண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்து, 1431இல் கணித அளவுகளையே மாற்றி அமைத்தார். திருக்கணிதம் என்பதில் உள்ள ‘திரு’ நாம் நினைக்கும் மங்கலச் சொல் அன்று. அது ‘த்ருக்’, அதாவது பார்வை. வானத்தோடு ஒத்துப்போகாத கணக்கைத் திருத்த வேண்டும் என்பது மேற்கிலிருந்து வந்த கருத்தன்று, இந்தக் கலையின் பெயரிலேயே இருப்பது. இந்த வரலாற்றுக்கு எங்கள் பாடநூலில் ஒரு பக்கம்கூட ஒதுக்கப்படவில்லை என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

நான்காம் பருவத்தில் ஆய்வேடு. தாத்தாவின் நோட்டுகளில் பிறப்புக் குறிப்போடு, பின்னாளில் அந்தந்தக் குடும்பத்தார் வந்து சொன்ன திருமணம், வேலை, இறப்பு ஆகியவையும் ஓரத்தில் எழுதப்பட்டிருந்தன. பெயர்களை மறைத்து, கட்டங்களை மட்டும் தொழில் செய்யும் வகுப்புத் தோழர்களிடம் கொடுத்து, அவர்கள் சொல்லும் பலனை ஓரக் குறிப்புகளோடு ஒப்பிடலாம் என்று முன்மொழிந்தேன். வானியல் அறிஞர் ஜயந்த் நார்லிகர் 2008இல் மகாராட்டிரத்தில் நடத்திய சோதனைதான் எனக்கு முன்மாதிரி. நன்றாகப் படிக்கும் மாணவர்கள், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் என இரு வகையினரின் சாதகங்களைக் கலந்து, ஆளுக்கு நாற்பதாகக் கொடுத்தார்கள். விடை அனுப்பிய 27 சோதிடர்களின் சராசரி 46 விழுக்காடு, நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் ஐம்பது கிடைத்திருக்கும். சோதனை முறை தவறு என்று சொல்பவர்கள் சரியான முறையை அமைத்துக் காட்ட வேண்டும், அதற்குப் பல்கலைக்கழகத்தைவிடத் தகுந்த இடம் வேறு இல்லை என்று முன்மொழிவில் எழுதியிருந்தேன்.

நெறியாளர் அதை இரண்டு முறை படித்தார். இது துறைக்கே எதிரானதாகப் பார்க்கப்படும், பட்டம் தாமதமாகும், தலைப்பை மாற்றிக்கொள்ளுங்கள் என்று அன்போடுதான் சொன்னார். நான் ஒரு மாதம் தயங்கினேன். பிறகு மாற்றிக்கொண்டேன். நோட்டுகளில் உள்ள வாக்கியச் சந்திர நிலைகளைத் திருக்கணித நிலைகளோடு ஒப்பிடுவது என்ற தலைப்பு உடனே ஏற்கப்பட்டது. அதுவும் செய்யத் தகுந்த வேலையே. ஒவ்வொரு பிறப்புக்கும் சந்திரனின் பாகையை இரு வழியிலும் கணித்து, தசா இருப்பு, அதாவது பிறக்கும்போது நடக்கும் கோளின் ஆட்சிக்காலமான தசையில் மீதியுள்ள காலம், எத்தனை மாதம் வேறுபடுகிறது என்று அட்டவணை போட்டேன். ஒரு நட்சத்திரம் 13 பாகை 20 கலை, சுக்கிர தசை 20 ஆண்டு. அதனால் சுக்கிரனுக்கு உரிய பரணி நட்சத்திரத்தில் பிறந்தவருக்குச் சந்திரனில் ஒரு பாகை பிழைத்தால் தசை ஒன்றரை ஆண்டு தள்ளிப்போகும். இதை வாய்மொழித் தேர்வில் சொன்னபோது புறத் தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்து, அடுத்த கேள்விகள் எல்லாவற்றையும் அதைச் சுற்றியே கேட்டார். இரண்டு ஆண்டுகளில் நான் பல்கலைக்கழக மாணவனாக முழுமையாக உணர்ந்தது அந்த இருபது நிமிடங்களில்தான்.

பட்டம் கிடைத்தது. சேர விரும்புகிறவர்கள், முதல் கணிதத் தாளைக் கணினி இல்லாமல் கையால் போட்டுப் பழகுங்கள். ஆய்வேட்டுத் தலைப்பை மூன்றாம் பருவத்திலேயே நெறியாளரிடம் பேசிவிடுங்கள். அனுப்பும் ஒவ்வொரு ஒப்படைப்புக்கும் படி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், என்னுடையதில் இரண்டு அலுவலகத்தில் காணாமல் போய் மீண்டும் அனுப்ப நேர்ந்தது.

நானும் உசிலம்பட்டி நண்பரும் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறோம். பருவத்துக்கு இரண்டு இரவுகள் வானத்தைப் பார்ப்பதைச் செய்முறைத் தேர்வாக வைக்க வேண்டும் என்பதும், பெயர் மறைத்த சாதகச் சோதனையை ஆய்வேட்டுத் தலைப்பாக ஏற்க வேண்டும் என்பதும் அதில் உள்ள இரண்டு கோரிக்கைகள். பதில் இன்னும் வரவில்லை. தாத்தாவின் ஓரக் குறிப்புகளை, பெயர்களை நீக்கி, நண்பர் ஞாயிறுதோறும் வந்து படியெடுத்துக்கொண்டிருக்கிறார். இப்போது ஏழாவது நோட்டு நடக்கிறது.