பென்சிலுக்கு அளவெடுத்துத் தைக்கும் பை

படம் வரைகிறவர்களுக்கு ஜிப் வைத்த பவுச் சரிப்பட்டு வராது. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும், 2பி பென்சிலைத் தேடினால் அதைவிடக் கருப்பாக எழுதும் 6பி கைக்கு வரும், பிரஷ் முனை எதிலாவது மாட்டி வளைந்துபோகும். கலர் பென்சில் பாடு இன்னும் மோசம், இடிபட்டு இடிபட்டு உள்ளே லெட் ஒடிந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது, சீவும்போதுதான் துண்டு துண்டாக உதிரும். அதனால்தான் ஒவ்வொரு பென்சிலுக்கும் தனி அறை வைத்து, சுருட்டிக் கட்டுகிற துணிப் பையைத் தைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

வெளிப்பக்கத்துக்குப் பழைய ஜீன்ஸ். தொடைப் பகுதியைப் பிரித்து விரித்தாலே போதுமான துணி கிடைக்கும். உள்பக்கத்துக்கு, கிழிந்துபோன சென்னிமலை பெட்ஷீட் இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை, அடர்ந்த நிறமாக இருந்தால் பென்சில் கரியும் தெரியாது. புதுத் துணி என்றால் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டபிறகே கத்தரி வையுங்கள், பருத்தி கட்டாயம் சுருங்கும். ரெக்சின் வேண்டவே வேண்டாம், ஈரம் உள்ளேயே நின்றுவிடும்.

அளவை மட்டும் இன்னொருவர் பேட்டர்னில் இருந்து எடுக்காதீர்கள். உங்களிடம் இருக்கும் பென்சில், பிரஷ் எல்லாவற்றையும் தரையில் வரிசையாகப் பரப்பி, அதற்குத்தான் அளவெடுக்க வேண்டும். கணக்கு சுலபம்: இஞ்ச் டேப்பைப் பென்சிலைச் சுற்றிப் பிடித்து, வருகிற அளவில் பாதி, அதோடு ஒரு 5 மி.மீ. சாதாரணப் பென்சில் 7 மி.மீ. தடிமன், சுற்றளவு 22, பாதி 11, ஆக 16 மி.மீ. அறை போதும். கைப்பிடிக்குள்ளேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளும், தொந்தி வைத்த வாட்டர் பிரஷுக்கு 3 செ.மீ. வரை விடலாம். எல்லா அறைகளையும் கூட்டி, இரண்டு ஓரத்திலும் 2 செ.மீ. சேர்த்தால் அதுதான் பையின் அகலம்.

உயரத்தில் இன்னொன்று கவனிக்க வேண்டும். புதுப் பென்சில் ஏறக்குறைய 17.5 செ.மீ. இருக்கும், அதற்கு 10 செ.மீ. ஆழமான பாக்கெட் சரி, ஆனால் பாதி தேய்ந்த பென்சிலைப் போட்டால் உள்ளே மூழ்கிப்போய் விரலுக்கு அகப்படாது. அதற்காகவே நாலைந்து அறைகளில் அடியிலிருந்து 4 செ.மீ. மேலே குறுக்கே ஒரு தையல் போட்டுவிடுவேன், தரை உயர்ந்துவிடும், குட்டைப் பென்சிலும் தலை நீட்டி நிற்கும்.

பாக்கெட் துணியை இரண்டாக மடித்து, மடிப்பு மேலே வருகிற மாதிரி உள்துணியின் மேல் வையுங்கள், தனியாக ஓரம் அடிக்க வேண்டாம். சாக்கால் கோடு போட்டு, அடியிலிருந்து மேல்நோக்கித் தைத்து, மேல் முனையில் ரிவர்ஸ் போட்டு இறுக்குங்கள், இழுவை எல்லாம் அங்கேதான். இதை உள்துணியோடு மட்டும் தைப்பதால் வெளியே ஜீன்ஸில் கோடு எதுவும் விழாது. அப்புறம் இரண்டு துணியையும் நல்லபக்கம் உள்ளே இருக்கும்படி சேர்த்து, ஒரு பக்க ஓரத்தின் நடுவில் நாடாவை மடித்துச் செருகி, சுற்றிலும் தைத்து, விட்டுவைத்த ஒரு சாண் இடைவெளி வழியாகத் திருப்பிவிட வேண்டியதுதான். ஜீன்ஸுக்கு 16 நம்பர் ஊசி போடுங்கள். தடித்த மூட்டு வரும் இடத்தில் மெஷினை ஓட்டாமல் சக்கரத்தைக் கையாலேயே சுற்றினால் ஊசி ஒடியாது.

துணியின் மொத்த உயரம், உங்களிடம் இருக்கும் நீளமான பிரஷைவிட 8 செ.மீ.யாவது கூடுதலாக இருக்கட்டும். பிரஷைக் காம்பு கீழே, முடி மேலே என்றுதான் வைக்க வேண்டும், அந்தக் கூடுதல் துணியை அதன்மேல் மடித்துப் போட்டுச் சுருட்டினால் பையைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஒன்றும் நழுவாது. ஈர பிரஷோடு சுருட்டியிருந்தால் வீட்டுக்கு வந்ததும் பிரித்துப் போட்டுவிடுங்கள், மழைக்காலத்தில் ஒரே ராத்திரியில் முக்கல் வாடை வந்துவிடும்.