சில்லறையில் எரர் காயின்: மூன்று மாதத்தில் மிஞ்சியது நாலு

கைக்கு வந்த சில்லறையை எல்லாம் புரட்டியதில் சுமார் இரண்டாயிரம் நாணயம் பார்த்திருப்பேன். எரர், அதாவது நாணயச் சாலையிலேயே தப்பாக அடிபட்டது என்று தனி டப்பாவில் ஒதுக்கியது 31. நேற்று இரவு அத்தனையையும் 10 மடங்கு லென்ஸில் மறுபடி பார்த்தேன். தேறியது நாலுதான்.

கழிந்ததில் பாதிக்கு மேல் எழுத்து இரட்டையாகத் தெரிந்தவை. டபுள் டை என்று துள்ளியிருந்தேன். நாணயத்தை அடிக்கும் அச்சைத் தயாரிக்கும்போதே மூல உரு விலகி இரண்டு முறை பதிந்திருந்தால்தான் அது டபுள் டை. 1955-இல் அப்படி வந்த அமெரிக்க ஒரு சென்ட்டில் ஆண்டு வெறுங்கண்ணுக்கே இரண்டாகத் தெரியும். என்னுடையதில் எழுத்தின் ஓரத்தில் தட்டையாக ஒரு படிதான் இருக்கிறது. தளர்ந்த அச்சு அடித்த கையோடு ஆடி எழுத்தை நசுக்கியிருக்கிறது. மெஷின் டபுளிங், சேகரிப்பவர்கள் மதிக்க மாட்டார்கள்.

ஒரு பக்கத்துக்கு மறுபக்கம் தலைகீழாக இருக்கிறதே என்று எடுத்து வைத்த ஒரு அமெரிக்க நாணயமும் போச்சு. அந்த ஊர் நாணயத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் தலைகீழாகத்தான் வரும். வழக்கமே அதுதான். வெட்கமாக இருந்தது.

மிஞ்சியதில் எனக்குப் பிடித்தது ஓரம் கடித்த மாதிரி இருப்பது. தகடு போதிய அளவு நகராமல், முன்பு வெட்டிய ஓட்டையின் மேலேயே வெட்டுக்கருவி இறங்கினால், நாணயம் அடிக்க வேண்டிய வெற்று வில்லை இப்படிப் பிறை விழுந்து வரும். யாராவது அரத்தால் ராவியிருப்பார்களோ என்று சந்தேகம். எடை 0.3 கிராம் குறைவு, ஆனால் ராவினாலும் குறையும். அதனால் நேர் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தேன். அங்கே விளிம்பு மழுங்கிக் கரைந்தாற்போல் இருக்கிறது. வில்லைக்கு விளிம்பு கட்டும்போது இந்தப் பக்கம் பிடிமானம் இல்லாததால் அந்தப் பக்கம் அழுத்தம் விழவில்லை. வெட்டை ஒட்டிய எழுத்துகளும் பள்ளத்தை நோக்கி இழுபட்டிருக்கின்றன. ராவியதில் இதெல்லாம் வராது.

இன்னொன்றில் முன்பக்கத்தோடு ஒப்பிட்டால் பின்பக்கம் ஏறக்குறைய 20 பாகை திரும்பியிருக்கிறது.

மற்ற இரண்டும் ஒரே ஆண்டு. விளிம்பிலிருந்து எண்ணின் குறுக்கே மயிரிழைக் கோடு. கீறல் என்றால் குழிந்திருக்கும். இது நகத்தில் இடறுகிறது, எழும்பிய கோடு. அச்சில் விழுந்த விரிசலுக்குள் உலோகம் ஏறியது. ஒன்றில் எண்ணோடு நிற்கிறது, மற்றதில் அதே பாதையில் மறு விளிம்பு வரை ஓடுகிறது. ஒரே அச்சு, விரிசல் வளர்வதற்கு முன்னும் பின்னும்! விரிசல் விட்ட அச்சுத் துண்டே உடைந்து விழுந்தபின் அடித்த நாணயத்தில் அங்கே வெறும் மேடுதான் இருக்கும். இப்போது அந்த ஆண்டை மட்டும் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.