மேட்லேப் செய்முறைத் தேர்வு: கோப்பைப் படிப்பதில் விழுந்த அரியரும் அதைத் தீர்த்த விதமும்

சென்ற வாரம் முடிவுகள் வந்தன. வேதிப் பொறியியல் படிப்பில் எனக்கு இருந்த ஒரே அரியரான, மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளில் நடக்கும் கணினிச் செய்முறைத் தாள் இந்த முறை தீர்ந்துவிட்டது. அந்தத் தாளில் அரியர் வைப்பவர்கள் அரிது என்பதால் வகுப்பில் என்னை ஓர் அதிசயப் பிறவியைப் போலப் பார்த்தார்கள். சமன்பாடுகளைத் தீர்ப்பதிலோ வரைபடம் வரைவதிலோ நான் விழவில்லை. ஓர் உரைக்கோப்பிலிருந்து இருபது எண்களைப் படிப்பதில் விழுந்தேன். கோப்புக் கேள்வி சீட்டில் வந்தால் எளிது என்று நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்; நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் முறை எனக்கு வந்த கேள்வி இது. ஒரு முதல் வகை வினையின் நேரமும் செறிவும் பத்து வரிகளாக ஒரு கோப்பில் உள்ளன. அவற்றைப் படித்து, வேக மாறிலியைக் கண்டு, தரவையும் விடையையும் வேறொரு கோப்பில் எழுத வேண்டும். கோப்பின் முதல் வரியில் 0, 2.00, அடுத்த வரியில் 5, 1.64, பிறகு 10, 1.34 என்று ஐந்து நிமிட இடைவெளியில் போய், கடைசி வரியில் 45, 0.33 என்று முடிந்தது. பத்து நிரைகள் (கிடை வரிகள்), இரண்டு நிரல்கள் (செங்குத்து வரிகள்) என்று கண்ணுக்குத் தெரிந்ததால், கோப்பிலிருந்து எண்களைப் படித்து அணியில் (மேட்ரிக்ஸில்) வைக்கும் எஃப்ஸ்கேன்எஃப் கட்டளையில் அளவை [10, 2] என்று கொடுத்தேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. கிடைத்த அணியின் அளவைக் கேட்டேன். பத்துக்கு இரண்டு என்றே சொன்னது. எல்லாம் சரி என்று மேலே போய்விட்டேன்.

வெளித் தேர்வாளராக வந்திருந்த அம்மையார் என் விடைத்தாளைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, வேக மாறிலி எப்படி மைனஸ்ல வரும்?" என்று கேட்டார். மைனஸ் 0.23 என்று எழுதியிருந்தேன். வர வேண்டியது நிமிடத்துக்கு 0.04. எண்ணைப் பார்த்தவுடனே எனக்கே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. அணியைத் திரையில் காட்டச் சொன்னார். முதல் நிரையில் 0, 25, இரண்டாவதில் 2.00, 0.74, மூன்றாவதில் 5, 30, நான்காவதில் 1.64, 0.60 என்று நேரமும் செறிவும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன.

காரணத்தை இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (நம் மொழியில் புரோகிராமையும் நிரல் என்கிறோம், அணியின் செங்குத்து வரியையும் நிரல் என்கிறோம். இந்தக் கட்டுரையில் நிரல் என்றால் இரண்டாவது பொருள் மட்டுமே.) எஃப்ஸ்கேன்எஃப் கோப்பை நாம் படிப்பதுபோல இடமிருந்து வலமாக, வரி வரியாகத்தான் படிக்கிறது, ஆனால் படித்த எண்களை அணியில் வைக்கும்போது முதல் நிரலை மேலிருந்து கீழாக நிரப்பி முடித்த பிறகே இரண்டாவது நிரலுக்குப் போகிறது. எனவே கோப்பின் முதல் ஐந்து வரிகளில் இருந்த பத்து எண்களும் என் முதல் நிரலில் போய் அமர்ந்தன. அளவை [2, 10] என்று கொடுத்திருந்தால் கோப்பின் ஒவ்வொரு வரியும் அணியின் ஒரு நிரலாக ஆகியிருக்கும். பிறகு ஓர் ஒற்றை மேற்கோள் குறி போட்டு நிரை நிரல் மாற்றம் செய்தால் கோப்பில் பார்த்த உருவம் அப்படியே கிடைத்திருக்கும். வரிகளின் எண்ணிக்கை தெரியாவிட்டால் பத்துக்குப் பதிலாக முடிவிலியைக் குறிக்கும் இன்ஃப் என்று எழுதலாம். இன்ஃப் இரண்டாவது இடத்தில் மட்டுமே வரலாம் என்பதால், அப்படி எழுதிப் பழகியவர்களுக்கு என் தவறு நேரவே நேராது. நான்தான் பத்து என்று தெரிகிறதே என்று பத்தைப் போட்டேன்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. இந்த அனுபவத்தில் நான் கற்ற ஒரே உருப்படியான விஷயமும் அதுதான். அன்று நான் சரிபார்க்காமல் இல்லை. படித்த அணியை எஃப்பிரிண்ட்எஃப் கொண்டு வரிக்கு இரண்டு எண்களாகப் புதிய கோப்பில் எழுதி, அதைத் திறந்து மூலக் கோப்போடு ஒப்பிட்டும் பார்த்தேன். இரண்டும் வரிக்கு வரி ஒன்றாக இருந்தன. எப்படி? எஃப்பிரிண்ட்எஃப் கட்டளையும் அணியை நிரல் நிரலாகவே எடுத்து எழுதுகிறது. கலைத்துப் படித்ததை அதே வரிசையில் கலைத்து எழுதினால் பழைய வரிசையே திரும்ப வந்துவிடும். படிப்பதில் ஒரு தவறு, எழுதுவதில் ஒரு தவறு, இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன. இடையில் மாட்டிய வேக மாறிலி மட்டும் மாட்டிக்கொண்டது. சரியாகப் படித்த அணியை நேராக எழுதினால்தான் முதல் வரியில் 0, 5 என்றும் இரண்டாவது வரியில் 10, 15 என்றும் நேரங்கள் மட்டும் வந்து தவறு வெளியே தெரியும். ஆகவே சரியாகப் படித்தவர்கள் எழுதும்போதும் நிரை நிரல் மாற்றம் செய்த மாற்று அணியையே கொடுக்க வேண்டும். படித்தது சரியா என்று பார்க்க எழுதிய கோப்பை நம்பக் கூடாது. கட்டளையின் முடிவில் அரைப்புள்ளியை எடுத்துவிட்டு அணியைத் திரையில் பாருங்கள், முதல் இரண்டு நிரைகள் போதும். பார்க்க ஐந்து நொடி ஆகும். அந்த ஐந்து நொடியை மிச்சம் பிடித்து ஓர் ஆண்டைக் கொடுத்தேன்.

ஏன் நிரல் வரிசை என்று வாய்மொழித் தேர்வில் கேட்கிறார்கள். 1970களின் பிற்பகுதியில் கிளீவ் மோலர் மேட்லேப்பை முதலில் எழுதியது ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில். அணிக் கணக்குகளுக்கான லின்பேக், ஐஸ்பேக் என்ற ஃபோர்ட்ரான் நூலகங்களை மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதாமலே பயன்படுத்த வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஃபோர்ட்ரான் அணிகளை நினைவகத்தில் நிரல் நிரலாக வைக்கும். அந்த வழக்கம்தான் இன்றுவரை தொடர்கிறது என்று இரண்டு வரியில் சொன்னால் போதும்.

இரண்டாவது முறைக்கு வீட்டில், மேட்லேப் கட்டளைகள் பெரும்பாலும் ஓடும் ஆக்டேவ் என்ற மென்பொருளில் பயிற்சி செய்தேன். இலவசம் என்பதைத் தவிர, அதில் எனக்குத் துறை சார்ந்த ஒரு பாசமும் உண்டு. வேதி உலை வடிவமைப்புப் பாடநூலுக்குத் துணைக் கருவியாகக் கருக்கொண்ட மென்பொருள் அது. ஆக்டேவ் லெவன்ஸ்பீல் என்ற வேதிப் பொறியியல் பேராசிரியரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். ஆனால் பாசம் தேர்வறையில் உதவாது. எங்கள் ஆய்வகத்தில் இருந்தது 2014ஆம் ஆண்டு மேட்லேப் பதிப்பு. வீட்டில் ஓடியது அங்கே ஓடாத இடங்கள் இவை:

இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதிய கோப்புப் பெயர் ஆக்டேவில் ஓடும். அந்தப் பழைய மேட்லேப்பில் பிழை.

பிரிண்ட்எஃப் மேட்லேப்பில் இல்லை. முன்னால் ஓர் எஃப் சேர்க்க வேண்டும்.

அணியைக் கோப்பில் எழுதும் டிஎல்எம்ரைட் கட்டளை ஆக்டேவில் இலக்கங்களை ஏறத்தாழ முழுதாக எழுதும். மேட்லேப்பில் நாம் சொல்லாவிட்டால் ஐந்து பொருளுறு இலக்கங்களோடு நிறுத்திவிடும். 1013.257 என்ற அழுத்தம் 1013.3 ஆகிவிடும். துல்லியத்தைத் தனியாகக் கொடுங்கள்.

ஆக்டேவில் வெறும் சேவ் கட்டளையால் சேமித்தது அதன் சொந்த உரை வடிவம். மேட் என்ற பின்னொட்டு வைத்தாலும் மேட்லேப் அதைத் திறக்காது. சேமிக்கும்போதே மைனஸ் வி7 என்று சேர்க்க வேண்டும்.

அணியைக் கோப்பிலிருந்து படிக்கும் ரீட்மேட்ரிக்ஸ், கோப்பில் எழுதும் ரைட்மேட்ரிக்ஸ் இரண்டும் 2019இல்தான் மேட்லேப்புக்கு வந்தன. காணொளிகளைப் பார்த்து அவற்றை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் எங்கள் ஆய்வகத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அவை நல்ல கட்டளைகள்தாம். ஆனால் உங்கள் ஆய்வகத்தின் பதிப்பை முதலில் பாருங்கள்.

தலைப்பு வரி உள்ள கோப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண் எதிர்பார்க்கும் எஃப்ஸ்கேன்எஃப் முதல் எழுத்தைக் கண்டவுடன் நின்றுவிடும், கோபித்துக்கொள்ளாது. கையில் வெற்று அணிதான் இருக்கும். தலைப்பை முதலில் எஃப்கெட்எல் கொண்டு ஒரு வரியாக விழுங்கிவிட்டு எண்களுக்குப் போக வேண்டும். பெயரும் மதிப்பெண்ணும் கலந்த கோப்பை எஃப்ஸ்கேன்எஃப்பிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பெயரை எழுத்துகளாகவும் மதிப்பெண்ணை எண்ணாகவும் கேட்டால், ஓர் அணிக்குள் இரண்டு வகை இருக்க முடியாது என்பதால் எழுத்துகளின் குறியீட்டு எண்களையே தருகிறது. ஆங்கிலத்தில் ரவி என்று இருந்த இடத்தில் 82, 97, 118, 105 என்று நான்கு எண்கள் வந்ததைப் பார்த்து நண்பன் ஒருவன் ரவியின் நான்கு பாட மதிப்பெண்கள் என்று நினைத்துச் சராசரி எடுத்தான். நூற்றுக்கு 118 எப்படி வரும் என்று அவனும் கேட்கவில்லை. அத்தகைய கோப்புகளுக்கு டெக்ஸ்ட்ஸ்கேன்தான் சரி. அது ஒவ்வொரு நிரலையும் தனித்தனியாக, பல வகைத் தரவையும் வைக்கக்கூடிய ஒரு செல் அணியில் தருவதால் மாற்று அணித் தொல்லையும் இல்லை.

எண்களை எழுத்துகளாக அல்லாமல் பைட்டுகளாகவே வைக்கும் இருமக் கோப்பு எங்கள் சீட்டுகளில் ஒன்றே ஒன்றில்தான் இருந்தது. எஃப்ரீட், எஃப்ரைட் இரண்டுக்கும் எண் வகையைச் சொல்லாவிட்டால் ஒரு பைட் முழு எண் என்று எடுத்துக்கொள்ளும். எண்ணுக்கு எட்டு பைட் எடுக்கும் டபுள் வகையில் எழுதிய பத்து எண்களை அப்படிப் படித்தால் 0 முதல் 255 வரையான எண்பது எண்கள் வரும். இதைத் தவிர அதில் பயப்பட ஒன்றும் இல்லை.

பயிற்சி முறையைப் பொறுத்தவரை நான் மெதுவான ஆள். வேகமாகத் தட்டச்சு செய்பவர்களுக்கு இது ஒத்துவராமல் போகலாம். நாள்தோறும் ஒரே ஒரு கோப்பை நானே நோட்பேடில் உருவாக்கி, அதைத் திறந்து, படித்து, திரையில் பார்த்து, எழுதி, மூடுவதை வெற்றுத் திரையிலிருந்து செய்தேன். பழைய புரோகிராமை நகலெடுப்பதில்லை என்று உறுதியாக இருந்தேன். இருபது நாள்களுக்குப் பிறகு விரல்களே எழுதின.

மூடுவதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. இரண்டாவது முறையும் எனக்குக் கோப்புக் கேள்வியே வந்தது. வெளித் தேர்வாளர் பக்கத்துக் கணினியில் இருந்த மாணவரிடம், கோப்பைத் திறக்கும்போது மேட்லேப் அதற்குத் தரும் கோப்பு எண்ணைத் திரையில் காட்டச் சொன்னார். 7 என்று வந்தது. "ஏழு எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார். அந்த மாணவர் விழித்தார். 0, 1, 2 மூன்றும் உள்ளீடு, வெளியீடு, பிழைச் செய்தி ஆகியவற்றுக்கு ஒதுக்கப்பட்டவை என்பதால் நாம் முதலில் திறக்கும் கோப்புக்கு 3 கிடைக்கும். கோப்பை மூடும் எஃப்குளோஸ் இல்லாத புரோகிராமை நான்கு முறை ஓட்டியவருக்கு 3 முதல் 6 வரை திறந்தபடியே கிடக்க, ஐந்தாவது முறை 7 வந்திருக்கிறது. என்னுடையதைப் பார்த்தார், 3. ஒன்றும் கேட்காமல் நகர்ந்தார்.

அதற்கு முன் ஒரு சிக்கலைக் கடந்திருந்தேன். தரவுக் கோப்பை நோட்பேடில் தட்டச்சு செய்து சேமித்து ஓட்டியவுடன் கோப்பு எண் மைனஸ் 1 என்று வந்தது. கோப்பைத் திறக்க முடியவில்லை என்று பொருள். முதல் முறையாக இருந்திருந்தால் கை நடுங்கியிருக்கும். எஃப்ஓப்பன் கட்டளையிடம் இரண்டாவது வெளியீட்டையும் கேட்டு வாங்கினேன். அப்படி ஒரு கோப்பு இல்லை என்ற செய்தி வந்தது. கோப்புறையில் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் இல்லை என்கிறது. விண்டோஸ் பின்னொட்டை மறைத்து வைத்திருந்ததும், நான் டாட் டிஏடி என்று எழுதியதன் மேல் நோட்பேட் ஒரு டாட் டிஎக்ஸ்டி சேர்த்துவிட்டதும் நினைவுக்கு வர இரண்டு நிமிடம் ஆனது. பெயரைத் திருத்தி ஓட்டினேன். பிறகு விடைக் கோப்பை நோட்பேடில் திறந்தால் பத்து வரிகளும் ஒரே வரியாக ஒட்டிக் கிடந்தன. எழுதும் முறையை டபிள்யூ என்பதிலிருந்து, உரைக்கோப்புக்கான டபிள்யூடி என்று மாற்றியவுடன் அந்தப் பழைய நோட்பேடிலும் வரிகள் பிரிந்து நின்றன. தேர்வாளர் வருவதற்குள் அணியை இன்னொரு முறை திரையில் போட்டு முதல் இரண்டு நிரைகளைப் பார்த்துக்கொண்டேன்.