மார்ச் மாதக் கணக்கு

மார்ச் 3, திங்கள்

வீட்டுக்காரர் சம்பளம் இன்றும் வரவில்லை. "அடுத்த வாரம் கட்டாயம்" என்று முதலாளி சொன்னாராம். போன வாரமும் இதையேதான் சொன்னார்.

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் வாட்ஸ்அப்பில் ஒருவன். "ஹலோ சிஸ், அடையாள அட்டைப் படம் அனுப்பினால் போதும், ஒரு மணி நேரத்தில் கடன்." கடைப் பெயர், உரிம எண் எல்லாம் போட்டிருக்கிறான். சிங்கப்பூர்ச் சட்ட அமைச்சின் வட்டிக்கடைப் பதிவகப் பட்டியலில் தேடினேன். கடைப் பெயர் உண்மைதான், தொலைபேசி எண்தான் வேறு, கெட்டிக்காரன். உரிமம் உள்ள வட்டிக்கடைக்காரர் குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ ஆள் பிடிக்கவே கூடாது, நாம்தான் அவர் கடைக்கு நேரில் போக வேண்டும். பிளாக் செய்தேன். ராத்திரி வேறு எண்ணிலிருந்து அதே "ஹலோ சிஸ்".

மார்ச் 6, வியாழன்

மேல்மாடி மலாய்க்கார அம்மா, எங்களுக்கு மக்சிக், அவர் வீட்டுக் கதவில் சிவப்புப் பெயின்ட். லிஃப்ட் பக்கத்துச் சுவரில் ஓ டாலர் பி டாலர், 'கடன் பட்டாயா, பணத்தைக் கட்டு' என்று அர்த்தம், கீழே வீட்டு எண். கேட்டைச் சைக்கிள் சங்கிலியால் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், உள்ளே மக்சிக். கடன் வாங்கியது வீட்டை விற்றுவிட்டுப் போன ஆள், அவர் எங்கே இருக்கிறாரோ. போலிஸ் வந்து போன பிறகு மக்சிக் மிளகாய்ச் செடியின் இலைகளை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பெயின்ட் போகவில்லை, இலைதான் கிழிந்தது. ஆ லோங், அதாவது கடன் முதலைகள், பற்றிச் சொல்ல 1800-924-5664 என்று தனி எண்ணே இருக்கிறது, எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மாடிப்படி முழுக்க தின்னர் வாடை, எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 8, சனி

நேற்றே வந்திருக்க வேண்டும். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஜனவரியில் பாதி பாக்கி, பிப்ரவரி முழுசாக.

தம்பி வந்தான். "ஒரே ஒரு தடவைதானேக்கா, என் கூட்டாளி வாங்கியிருக்கான்." சரி, அந்தக் கூட்டாளி கதையையே சொல்லு என்றேன். ஆயிரம் கேட்டானாம், கையில் வந்தது எண்ணூறு, வாரம் இருநூறாக ஆறு வாரம் கட்டச் சொன்னார்களாம், நாலாவது வாரம் தவறியதும் கணக்கு முதலிலிருந்து. அப்புறம் பணத்துக்குப் பதிலாக ஏடிஎம் அட்டையைக் கேட்டிருக்கிறார்கள், கொடுத்திருக்கிறான். இப்போது போலிஸ் தேடுவது அவனை, ஏனென்றால் யார் யார் பணமோ அவன் கணக்கு வழியாகப் போயிருக்கிறது. கடன் முதலைக்குக் கணக்கைக் கொடுத்தாலே குற்றம். இதைச் சொல்லி முடித்துவிட்டு அவனே கேட்கிறான், "நம்பர் வேணுமாக்கா?"

மார்ச் 9, ஞாயிறு

வளையலைச் சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன். பதினாறு கிராம். நேற்றும் பதினாறுதான்.

மார்ச் 11, செவ்வாய்

வீட்டுக்காரர் உரிமம் உள்ள வட்டிக்கடைக்கே போகலாம் என்கிறார். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மாத வட்டி 4 விழுக்காடு வரை, கட்டணமாக 10 விழுக்காடு வரை பிடிக்கலாம், தவணை தவறினால் மாதம் 60 வெள்ளி (டாலர்) வரை. எல்லாம் சேர்த்து வாங்கிய தொகைக்கு மேல் போகக் கூடாது, அதுதான் வித்தியாசம், கடனுக்கு ஒரு முடிவு உண்டு. ஆனாலும் 1,500 வாங்கினால் முதலிலேயே 150 போய்விடும், அதற்குப் பெயர் கட்டணமாம்! அடகுக் கடையில் மாதம் அதிகபட்சம் 1.5 விழுக்காடுதான். 1,500-க்கு 22 வெள்ளி 50 காசு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார். அது அம்மா போட்ட வளையல், இவருக்கு எங்கே புரியப்போகிறது.

மார்ச் 12, புதன்

தேக்கா அடகுக் கடை. எனக்கு முன்னால் நின்ற பாட்டி கடைப் பையனோடு பேரன் கல்யாணக் கதை பேசிக்கொண்டே வட்டி கட்டினார், அவருக்கு இது மார்க்கெட்டுக்குப் போவது மாதிரி. பையன் வளையலை உரசி, எடை போட்டு, அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்தான். சீட்டில் செப்டம்பர் தேதி, ஆறு மாதம். அதற்குள் மீட்க வேண்டும், இல்லையென்றால் வட்டி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். கையெழுத்துப் போடும்போது கை நடுங்கவில்லை. எம்ஆர்டி ரயிலில்தான் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 13, வியாழன்

வாடகை, தண்ணீர், மின்சாரம் கட்டியாகிவிட்டது. "ஹலோ சிஸ்" இன்றும் வந்தது.

மார்ச் 15, சனி

இரண்டு மாதமாக எங்கள் பணத்தை வட்டியில்லாமல் வைத்திருக்கிறார் அந்த முதலாளி. அவர் கதவில் யார் பெயின்ட் ஊற்றுகிறார்கள்? வட்டி கட்டுவது நாங்கள், தூங்காமல் கிடப்பது நாங்கள். "மனிதவள அமைச்சு வழியாகப் புகார் கொடுங்கள், டிஏடிஎம் என்று சம்பளத் தகராறு தீர்க்கவே ஓர் அமைப்பு இருக்கிறது" என்று கத்திவிட்டேன். வீட்டுக்காரர் பதில் பேசாமல் கீழே காப்பிக்கடைக்குப் போய்விட்டார். வேலை போய்விடும் என்று பயம். எனக்கும்தான்.

மார்ச் 16, ஞாயிறு

புகார் போட்டுவிட்டார். தம்பிதான் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தான், சம்பளச் சீட்டுகளைப் படம் எடுத்து ஏற்றியதும் அவன்தான். கோழி வாங்கிச் சமைத்தேன்.

மார்ச் 19, புதன்

சமரசப் பேச்சுக்கு 26-ஆம் தேதி காலை வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு அவர் லீவு எடுக்க வேண்டும். அந்த முதலாளியிடம்தான் கேட்க வேண்டும்.